கப்பலேறி வந்த சமையல்

ஓட்டல் என்பது பிரெஞ்சுச் சொல். வருசநாட்டு டீக்கடையில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வெள்ளைக்காரன் சொல், அதாவது இங்கிலீஷ்காரன் சொல் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. இங்கிலீஷ்காரன் அதைப் பிரெஞ்சுக்காரனிடமிருந்து வாங்கிக்கொண்டான். கஃபே, மெனு, செஃப், பஃபே எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். போன தை மாதம் கடமலைக்குண்டில் ஒரு கல்யாணத்தில் ஒலிபெருக்கியில் "பஃபே சாப்பாடு மாடியில்" என்று சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் என் பிரெஞ்சு வாத்தியார் அந்தச் சொல்லின் கடைசி எழுத்தை உச்சரிக்கக் கூடாது என்று காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. ஒலிபெருக்கிக்காரர் சரியாகவே உச்சரித்தார்.

ரெஸ்டாரண்ட் என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. முதலில் அது கடையின் பெயரே அல்ல. 18ஆம் நூற்றாண்டுப் பாரிசில், உடம்பு தளர்ந்தவர்கள் குடிப்பதற்கென்று காய்ச்சிய இறைச்சிச் சாற்றுக்கு அந்தப் பெயர். தெம்பு தருவது என்று பொருள். நம் வீட்டில் காய்ச்சல்காரருக்கு மிளகுரசமோ நெஞ்செலும்பு சூப்போ வைத்துக் கொடுப்பதைப் போல. சாறு விற்ற இடத்துக்கும் சாற்றின் பெயரே ஒட்டிக்கொண்டது. நம் மிளகுத்தண்ணி இங்கிலீஷ்காரன் மேசைக்குப் போய் 'முள்ளிகட்டானி' ஆனது உங்களுக்குத் தெரியும். ஆக, பாரிசிலும் சென்னையிலும் ஐரோப்பியர் சாப்பாட்டின் முதல் வரிசையில் ரசம் உட்கார்ந்திருக்கிறது.

நான் பாண்டிச்சேரிக்காரன். பிரெஞ்சு மொழியில் படித்து, அங்கேயே அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, 2010இல் ஓய்வுபெற்று, மனைவியின் சொந்த ஊரான இங்கே வந்து குடியேறியவன். தேனியில் படிக்கும் பேரன் ஒருநாள் ஏதோ ஒரு கடையில் சவர்மா, ஃப்ரைடு ரைஸ் என்று வாங்கிவந்து, "தாத்தா, ஒங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் எங்கள் காலத்தில் ஐந்து தேசத்துச் சாப்பாடு இருந்தது என்பதும், அது ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீடு இழந்ததால் நம்மிடம் வந்தது என்பதும் அவனுக்குத் தெரிய நியாயமில்லை. பெரியவர்களுக்காவது நினைவூட்டலாம் என்று எழுதுகிறேன்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சுச் சாப்பாடு முந்நூறு ஆண்டுப் பழசு. துய்ப்ளெக்ஸ் காலத்தில் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய தினக்குறிப்பில், கவர்னர் மாளிகை விருந்துகளும் அவற்றின்போது முழங்கிய பீரங்கிகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் அது மாளிகைச் சாப்பாடு. ஊருக்கு நடுவே ஓடிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. வாய்க்காலைத் தாண்டி இந்தப் பக்கம் நிலையாக வந்தது ரொட்டி ஒன்றுதான். விடியற்காலையில் சைக்கிளில் கூடை கட்டி நீள ரொட்டி விற்பவர் எங்கள் தெருவுக்கு வருவார். பகெத் என்பது அதன் பெயர். நாங்கள் அதைக் காபியில் தொட்டும் சாப்பிடுவோம், முதல்நாள் மீன்குழம்பில் தொட்டும் சாப்பிடுவோம். இரண்டாவதுதான் ருசி.

மேசை போட்டு முள்கரண்டி பிடிக்கும் பழக்கம் தமிழர் வீட்டுக்குள் வந்ததற்குப் பின்னால் ஒரு செருப்பு வழக்கு இருக்கிறது. 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் போடும் காலணி அணிந்து கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி அனுமதிக்கவில்லை. பிள்ளை விடாமல் பாரிஸ் வரை மேல்முறையீடு செய்து வென்றார். அதன்பின் 1881 செப்டம்பர் 21இல் ஒரு அரசாணை வந்தது. சாதி, மத வழக்கப்படியான உரிமைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்து, பிரெஞ்சுக் குடும்பப்பெயர் ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம் என்றது அந்த ஆணை. பொன்னுத்தம்பி தமக்கு 'லாபோர்த்' என்று வைத்துக்கொண்டார். கதவு என்று பொருள். இப்படித் துறந்தவர்களை 'ரெனோன்சான்' என்பார்கள். அவர்களில் நிறையப் பேர் தீண்டாமைக்கு ஆட்பட்ட மக்கள். ஒரு கையெழுத்தில் சாதிப் பெயர் போய் வேறு பெயர் வருகிறது என்றால் யார்தான் விடுவார்கள்?

அந்தக் கையெழுத்துதான் அவர்களைச் சைகோனுக்குக் கப்பல் ஏற்றியது. 1862இல் பிரான்ஸ் கொச்சின்சீனாவைப் பிடித்திருந்தது. அதுதான் இன்றைய தெற்கு வியட்நாம். அங்கே வரி வசூலுக்கும் போலீசுக்கும் தபாலுக்கும் பிரெஞ்சு தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். பாண்டிச்சேரி, காரைக்காலிலிருந்து எழுத்தர்களும் சிப்பாய்களும் போனார்கள். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வட்டிக்கடை வைத்தார்கள். நம் ராவுத்தர், மரைக்காயர் வகையறாவில் துணிக்கடை போட்டவர்களும் உண்டு. அங்கே போனவர்களில் சிலர் அந்த ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். 1954 மே மாதம் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அதே ஆண்டு நவம்பர் 1இல் பாண்டிச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. உலகத்தின் இரண்டு மூலைகளில் ஒரே சாம்ராஜ்யம் ஒரே வருஷத்தில் கடையைக் கட்டியது. அப்போதும், பிறகு 1975இல் சைகோன் விழுந்தபோதும் குடும்பங்கள் குடும்பங்களாக வந்து இறங்கினார்கள்.

எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தார். கணவர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவரைப் பாண்டிச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். அந்த அம்மாவைத் தெருவே 'சைகோன் அம்மா' என்று கூப்பிட்டது. உண்மைப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. வந்த புதிதில் தமிழில் அவருக்குத் தெரிந்தவை இரண்டே சொற்கள், 'வா', 'சாப்பிடு'. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுத் திண்ணையில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்து 'சாயோ' பொரிப்பார். நெம் என்றும் சொல்வார்கள். அரிசிமாவில் காகிதம்போல மெல்லிய தகடு காயவைத்து, அதற்குள் கொத்திய கறி அல்லது இறால், கண்ணாடிபோல் இருக்கும் பாசிப்பயற்றுச் சேமியா, காளான் எல்லாம் வைத்துச் சுருட்டி எண்ணெயில் போடுவது. நாம் வடகம் காயவைப்பதைப் போலவே அந்தத் தகடுகளை அவர் மூங்கில் தட்டியில் காயவைப்பார். தொட்டுக்கொள்ள மீனை உப்பில் ஊறவைத்து வடித்த சாறு. நுவோக் மாம் என்பார். அதன் வாடை மூன்று வீடு தாண்டி வரும்.

அதைத் தின்னக் கூடாது என்பது என் அம்மாவின் உத்தரவு. "என்ன கறியோ, எவர் கை பட்டதோ" என்பார். நாங்கள் ஐந்தாறு பையன்கள் கொல்லைப்புறமாகப் போய்த் தின்போம். அந்தத் திண்ணையில் எங்களோடு உட்கார்ந்து தின்றவர்களில் எங்கள் வீட்டு வாசற்படி ஏறாத வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். சைகோன் அம்மாவுக்கு நம் ஊர்க் கணக்குகள் புரியவில்லை. எந்தப் பையன் எந்தத் தெரு என்று அவர் கேட்டதே இல்லை. கேட்கிற அளவுக்குத் தமிழ் வந்த பிறகும் கேட்கவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, வெளியே சாப்பிடுவது என்பதையே பார்க்க வேண்டும். இப்போதைய பிள்ளைகளுக்கு அது செலவு சம்பந்தப்பட்ட விஷயம். நம் அப்பா, தாத்தா காலத்தில் அது யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்ற விஷயம். ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று எழுதியே வைத்திருந்தார்கள். பெரியாரின் எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் அது எடுக்கப்பட்டது. ஊருக்குள் ஓட்டல் பலகைகளில் சாதிப்பெயர் அதற்குப் பிறகும் இருந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் திராவிடர் கழகத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்ததும், தினமும் ஆட்கள் கைதானதும் என் வயதுக்காரர்களுக்குக் கேள்வி ஞானமாகவாவது இருக்கும். கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. 1955லேயே தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்து எத்தனை காலத்துக்குப் பிறகு குவளை ஒன்றானது என்பதை அவரவர் ஊரை நினைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

1970களில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது என்னோடு ஒருவர் சேர்ந்தார். நல்ல கையெழுத்து, நல்ல பிரெஞ்சு. ஆபீசுக்குப் பக்கத்தில் மாதக்கணக்கு வைத்துச் சாப்பிடும் மெஸ் ஒன்று இருந்தது. முதல்நாள் கணக்கு எழுதும்போது மெஸ்காரர் அவரிடம் "எந்தத் தெரு?" என்று கேட்டார். விலாசத்துக்காகக் கேட்ட கேள்வி அல்ல அது. இவர் தெருவின் பெயரைச் சொன்னார். மெஸ்காரர் இடமில்லை என்றார். ஐந்து இலை காலியாகக் கிடந்தது. அதன்பின் அவர் மதியத்தில் கடற்கரைப் பக்கம் போய் ஒரு வியட்நாமியக் குடும்பம் நடத்திய சின்னக் கடையில் சாப்பிடுவார். சில நாள் நானும் போனேன். நாலு மேசை, மெழுகுத்துணி விரிப்பு. அரிசிச் சேமியா போட்ட மாட்டெலும்பு சூப்பு, ஒரு துண்டு ரொட்டி. அவர் அந்தச் சாப்பாட்டை விரும்பினாரா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியாது. பிடிக்கிறதா என்று ஒருநாள் கேட்டேன். "இங்க யாரும் ஒண்ணும் கேக்கல சார்" என்றார்.

பிறநாட்டுச் சாப்பாட்டுக் கடையின் பெருமையை ருசியை வைத்துப் பேசுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். அந்நியன் கடையில் சமைத்தவர் யார் என்று தெரியாது. தெரிந்தாலும் நம் ஏணியில் அவரை எந்தப் படியில் வைப்பது என்று தெரியாது. அதனால் சாப்பிட வந்தவரையும் யாரும் படி பார்ப்பதில்லை. நம் பக்கத்தில் முஸ்லிம் பிரியாணிக் கடைகளும் மிலிட்டரி ஓட்டல்களும் செய்த வேலையும் இதில் பாதிதான். கம்பம், உத்தமபாளையம் ராவுத்தர் கடைகளில் இலை போட்டபின் ஊர் விசாரிக்கும் வழக்கம் இல்லை என்று என் மாமனார் சொல்வார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் பாண்டிச்சேரிக்குச் 'சாப்பிட' வந்தார்கள் என்றால் பெரும்பாலும் அது சாப்பாடு அல்ல. 1948 முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல்தான் தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் சனிக்கிழமை மாலை விழுப்புரம், கடலூர் பஸ்களில் வந்து இறங்கிய கனவான்கள் பிரெஞ்சுச் சமையலை ஆராய வந்தவர்கள் இல்லை. கடைக்காரர்களுக்கு அவர்களால்தான் பிழைப்பு ஓடியது. சமையல் அதற்குத் தொட்டுக்கொள்ள.

சென்னைக்கு வருவோம். ஆபீஸ் வேலையாக மாதம் ஒருமுறையாவது கோப்புகளோடு என்னை அங்கே அனுப்புவார்கள். மவுண்ட் ரோடில் அதற்கு வெகு காலம் முன்பே ஐரோப்பியச் சாப்பாட்டுக் கடைகள் வந்து போயிருந்தன. டி ஏஞ்சலிஸ் என்ற இத்தாலியர் நடத்திய ஓட்டலைப் பற்றிப் பழைய ஆட்கள் சொல்வார்கள். 1910இல் சொந்தமாக விமானம் கட்டிச் சென்னையில் பறந்து காட்டியவரும் அவரே. சமையற்காரருக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ! 1951இல் அதே சாலையில் புகாரி வந்தது. அதை ஆரம்பித்த ஏ.எம். புகாரி கொழும்பில் வளர்ந்தவர், கொழும்புக் கடைகளின் முறையை இங்கே கொண்டுவந்தார். சிக்கன் 65 என்ற பண்டம் 1965இல் அங்கே பிறந்தது என்று அந்த ஓட்டல்காரர்கள் சொல்கிறார்கள். இன்று வருசநாட்டு பஸ் ஸ்டாண்டில் மாலை ஆறு மணிக்கு மேல் அதுதான் மணக்கிறது.

ஆனால் என்னை இழுத்தது பர்மா பஜார் பக்கத்துத் தள்ளுவண்டிகள். துறைமுகத்துக்கு எதிரே, இரண்டாவது கடற்கரைச் சாலையில், சாயங்காலமானால் அத்தோ கடைகள் வரிசையாக நிற்கும். அத்தோ என்றால் பர்மியில் கையால் பிசைந்தது. மஞ்சள் நிற நூடுல்ஸ், பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், பொன்னிறமாக வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்ப்பொடி எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையால் பிசைந்து, மேலே பேஜோ என்னும் மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கிப் போட்டுத் தருவார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூடான சூப்பு. அதுதான் மொய்ங்கா. பர்மாவில் அது மீன்சாறு. இங்கே மீன் இல்லாமலும் வைத்தார்கள். அவித்த முட்டையைக் கீறி வறுத்த வெங்காயம் அடைத்துத் தருவதும் உண்டு. நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும். என் தினப்படிக் காசுக்கு அதைவிட நல்ல சாப்பாடு சென்னையில் கிடையாது.

அந்தக் கடைக்காரர்கள் யார்? ரங்கூன் ஒருகாலத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள் இருந்த நகரம். 'பராசக்தி' படத்தில் அண்ணன்மார் ரங்கூனிலிருந்துதானே வருகிறார்கள்? 1942இல் ஜப்பான்காரன் நுழைந்தபோது லட்சக்கணக்கானவர்கள் அசாம் மலை வழியாக நடந்தே வந்தார்கள். வழியில் செத்தவர்கள் கணக்கில்லை. போர் முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் எல்லாம் அரசுடைமை. அதே ஆண்டு 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்று லட்சம் இந்தியர் வெளியேறினார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்கள் கையில் சொற்பப் பணமும் பாத்திரம் பண்டமும்தான். 1969இல் துறைமுகச் சாலை ஓரத்தில் அவர்களுக்குக் கடை போட இடம் கொடுத்தது அரசு. பர்மா பஜார் என்றால் நமக்கு வெளிநாட்டு டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும்தான் ஞாபகம். கடைக்கு இடம் கிடைக்காதவர்கள், விற்கச் சரக்கில்லாதவர்கள் கையில் இருந்தது சமையல் ஒன்றுதான். அத்தோ பிசைந்த பெண்மணி ஒருவர், நான் பாண்டிச்சேரி என்றதும், "உங்களுக்குச் சொந்த ஊர் இருக்கு. எனக்கு ரங்கூன்தான் சொந்த ஊர். தாத்தா ஊர் ராமநாதபுரம்ங்கிறாங்க, நான் பார்த்ததில்ல" என்றார். கை நிற்கவில்லை, பிசைந்துகொண்டே சொன்னார்.

இதே 1964இல்தான் அக்டோபர் 30 அன்று சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று இரண்டு தலைவர்கள் மேசையில் உட்கார்ந்து எண்ணிக்கை போட்டுக்கொண்டார்கள். மூன்று லட்சம் பேருக்கு இலங்கைக் குடியுரிமை. ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்! கொத்து ரொட்டி அங்கிருந்து இங்கே வந்ததா, கொத்து பரோட்டா இங்கிருந்து அங்கே போனதா என்று சிலர் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. மைதா இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லை. 1956இல் கையெழுத்தான பி.எல்.480 ஒப்பந்தப்படி வந்த அமெரிக்கக் கோதுமையில் பள்ளிக்கூட உப்புமா தின்றவர்கள் நாம். பரோட்டாவை நம் பரம்பரைச் சொத்து என்று சொல்ல நமக்கு வாய் வராது.

சீனச் சாப்பாட்டின் கதையும் இதே ரகம். இந்தியாவில் சீனர் குடியேற்றம் கல்கத்தாவில் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்திலேயே ஆரம்பம். தோல் பதனிடுவதும் செருப்பு தைப்பதும் பல் கட்டுவதும் அவர்கள் தொழில். 1962 சீனப் போர் வந்ததும், இங்கேயே பிறந்தவர்கள் உட்பட மூவாயிரம் பேர் வரை ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். வெளியே வந்தபோது பலருக்குத் தொழில் போயிருந்தது. ஓட்டல் வைத்துப் பிழைத்தவர்களும், கனடாவுக்குப் போனவர்களும் உண்டு. மவுண்ட் ரோடு சங்கிங் ஓட்டலில் ஒருமுறை எங்கள் மேலதிகாரி விருந்து கொடுத்தார். கண்ணாடிச் சேமியாவைப் பார்த்ததும் எனக்கு சைகோன் அம்மா நினைவு. மஞ்சூரியன் என்பதைக் கல்கத்தாச் சீனரான நெல்சன் வாங் 1975இல் பம்பாயில் கண்டுபிடித்தார் என்பார்கள். மஞ்சூரியாவில் அப்படி ஒரு பண்டம் கிடையாது. ஆண்டிபட்டியில் உண்டு, காலிஃபிளவரில். சவர்மாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துருக்கியில் ஆரம்பித்து அரபு நாடுகளில் பரவியதை வளைகுடாவில் வேலைபார்த்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்தார்கள். இவர்களாவது துரத்தப்படாமல் வந்தார்களே என்று ஒரு ஆறுதல்.

இப்போது பாண்டிச்சேரிக்குப் போனால் எனக்கே திகைப்பாக இருக்கிறது. துய்மா தெரு, ரோமன் ரோலான் தெரு என்று வெள்ளையர் பகுதி முழுவதும் ஓட்டல்கள். பிரெஞ்சு, இத்தாலி, வியட்நாம், கொரியா. கடற்கரையில் பழைய துறைமுக அலுவலகக் கட்டடத்தில் 'லெ கஃபே' நடக்கிறது. சனி, ஞாயிறு பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார்கள் வந்து நிற்க இடம் இருக்காது. மஞ்சள் சுவர் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். அந்தக் கடைகளில் பலவற்றில் பட்டியலைப் படித்தால் எங்கள் வாத்தியார் அழுதுவிடுவார், எழுத்துப்பிழை அப்படி. ஆனால் பரிமாறுகிற பையன்கள் வாய்க்காலுக்கு மேற்கே இருந்து வருகிறவர்கள், மேசையில் உட்காருகிறவர்களிலும் மேற்கே இருந்து வருகிறவர்கள் உண்டு. அதில் எனக்குச் சந்தோஷம்தான். 1962 ஆகஸ்ட் 16க்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள் ஏறக்குறைய ஐயாயிரம் பேர். அவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். சாயோ சுருட்டத் தெரிந்த கைகள் அவர்களோடு போய்விட்டன. எங்கள் தெரு சைகோன் அம்மா வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான். இப்போது ஓட்டலில் அதை ஸ்பிரிங் ரோல் என்று தக்காளி சாஸோடு தருகிறார்கள். தின்னலாம்.

நம் கம்பம் பள்ளத்தாக்குக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது, தெரியுமா? சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் வருஷம் முழுக்கக் காய்க்கும் பன்னீர் திராட்சை இருக்கிறதே, அதை ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்கிறார்கள். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்திகளில் வந்தது. பிரான்சில் திராட்சை பெரும்பாலும் பீப்பாய்க்குப் போகும். இங்கே பெட்டியில் அடுக்கி லாரியில் ஏறுகிறது. குமுளிக்கு மேலே தேக்கடியில் வெள்ளைக்காரப் பயணிகளுக்கு வைத்த ஓட்டல்களில் அதே திராட்சையை ஒரு தட்டில் அழகாக வைத்து விலை போட்டிருப்பார்கள். நம் சின்னமனூர் உழவர் எவரும் அந்த விலைக்கு வாங்கமாட்டார்.

சில வருஷங்களுக்கு முன் அக்காள் மகன் வீட்டுக்குப் பாரிஸ் போயிருந்தேன். படித்த மொழியின் ஊரை அறுபது வயதுக்கு மேல்தான் பார்த்தேன். நல்ல பிரெஞ்சு ஓட்டலில் மாமாவுக்குச் சாப்பாடு வாங்கித் தர வேண்டும் என்று அவனுக்கு ஆசை. போனோம். வரிசையாக ஒவ்வொன்றாகத்தான் கொண்டுவந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசை நிறையப் பரப்புவதுதான் பழைய பிரெஞ்சு முறை, நம் வாழையிலை மாதிரி. ஒவ்வொன்றாகக் கொடுப்பது 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் ருஷ்யரிடம் கற்றது. கைகழுவப் போகும்போது சமையலறைக் கதவு திறந்து மூடியது. உள்ளேயிருந்து "தம்பி, அந்தத் தட்டுகளைக் கெதியாக் கழுவு" என்று குரல். யாழ்ப்பாணத் தமிழ்! அக்காள் மகனிடம் சொன்னேன். அவனுக்கு ஆச்சரியமே இல்லை. 1983க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்கள் பாரிஸ் ஓட்டல்களில் தட்டு கழுவ ஆரம்பித்து, காய் அரிந்து, பலர் இப்போது சமையலே செய்கிறார்கள் என்றான். மறுநாள் லா ஷாப்பல் பக்கம் அழைத்துப்போனான். ரயில் நிலையத்துக்குப் பின்னால் அந்தத் தெரு முழுக்கத் தமிழ்ப் பலகைகள். கொத்து ரொட்டி, இடியப்பம், புட்டு. பிரெஞ்சுக்காரர்கள் நாலைந்து பேர் கையால் சாப்பிடப் பழகிக்கொண்டு கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள், காரத்தால்.

அங்கே ஒரு மளிகைக் கடையில் 'வதுவான்' என்று பிரெஞ்சில் எழுதிய சின்னப் பாட்டில் இருந்தது. மசாலாத்தூள். பெரிய சமையற்காரர்கள் மீனுக்கும் ஆட்டுக்கறிக்கும் போடுவது என்று அக்காள் மகன் சொன்னான். மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். வடவம். நம் தாளிப்பு வடவம்தான். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், மஞ்சள் எல்லாம் இடித்துப் பிசைந்து விளக்கெண்ணெய் தடவி உருட்டி, சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் காயவைப்போமே, அது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வாயில் நுழைந்து வதுவான் ஆகி, உருண்டை பொடியாகி, இங்கே வந்து நிற்கிறது. விளக்கெண்ணெய் மட்டும் இல்லை. விலையை ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன்.

ஊர் திரும்பி மனைவியிடம் சொன்னேன். "அதுல பாதி வெலைக்கு நான் ரெண்டு படி உருட்டித் தாறேன், அனுப்பி வையுங்க" என்றார். ஒவ்வொரு சித்திரையிலும் ஒரு டப்பா பாரிசுக்குப் போகிறது.